கருப்பாக இருந்தால்தான் கிரானைட்டா? ஒரு கல்லுக்குள் இருக்கும் கனிமங்கள்

பெருந்துறைக்குப் பக்கத்தில் அக்கா புது வீடு கட்டிக்கொண்டிருந்த சமயம். சமையல் மேடைக்கான கல் வண்டியில் வந்து இறங்கியது. சாம்பல் கலந்த வெள்ளையில் கருப்புப் புள்ளிகள், ஊடே லேசான ரோஸ் நிறம். வேப்பமரத்தில் சாய்த்து வைத்தார்கள். பார்க்க வந்த பெரியப்பா விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "கருப்பா இருக்கறதுதான் கண்ணு அசல் கிரானைட்டு. இது என்னமோ மொசைக் மாதிரி இருக்குது" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் அதற்கும் ஒரு படி மேலே போனார்: "இதெல்லாம் பொடியக் கரைச்சு அச்சுல ஊத்தி எடுக்கறதுங்க." அக்கா முகம் சுண்டிப்போயிற்று.

உண்மை என்னவென்றால், அந்தப் புள்ளிக் கல்தான் நிலவியல் படித்தவர்கள் கிரானைட் என்று ஒப்புக்கொள்ளும் கல். பெரியப்பா அசல் என்று சொன்ன கன்னங்கரேல் கல்லுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வேறு. பொடியைக் கரைத்து ஊற்றும் கதை முழுக்கப் பொய்யும் இல்லை. ஆனால் அது இன்னொரு பொருளின் கதை.

கொங்கு நாட்டில் கிணறு வெட்டினாலும் பாறை, வீட்டுக்கு வானம் தோண்டினாலும் பாறை. ஆட்டுக்கல், அம்மி, வேலிக்கால், கோயில் தூண் எல்லாமே அதில் வந்தவை. இப்படிப்பட்ட சீமையில் கிரானைட் என்ற சொல் இத்தனை தாறுமாறாகப் புழங்குகிறதே என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம். அதனால் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## பாறை வேறு, கனிமம் வேறு

நம்ம ஊர் அரிசிம்பருப்புச் சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் ஒரு பிடியைப் பிரித்துப் பார்த்தால் அரிசி தனியாகத் தெரியும், துவரம்பருப்பு தனியாகத் தெரியும், பூண்டுப் பல்லும் மிளகும் அங்கங்கே தட்டுப்படும். அரிசிம்பருப்பு என்று எந்தச் செடியிலும் எதுவும் விளைவதில்லை. சேர்ந்து வெந்த பிறகு அந்தச் சேர்க்கைக்கு நாம் வைத்த பெயர் அது.

கிரானைட்டும் அப்படித்தான். அது ஒரே பொருள் அல்ல. ஒரு சேர்க்கையின் பெயர். சேர்ந்திருக்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு கனிமம். இயற்கையில் தானாக உண்டாகி, உள்ளே அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கும் திடப்பொருளைக் கனிமம் என்கிறோம். வீட்டுக் கல்லுப்பை உடைத்துப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்களாகவே உடைவதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் அடுக்கின் ஒழுங்குதான் வெளியே அப்படித் தெரிகிறது. இப்படிப்பட்ட கனிமங்கள் ஒன்றோடொன்று இறுகிக் கட்டிப்பட்டால் அது பாறை.

அரிசியும் பருப்பும் எந்த விகிதம் என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஈரோட்டு வீட்டுப் பக்குவம் பொள்ளாச்சி வீட்டில் இருக்காது. ஆனால் அரிசியே போடாமல் செய்துவிட்டு அதை அரிசிம்பருப்பு என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள். கிரானைட்டுக்கும் இதே போல் ஓர் எல்லை இருக்கிறது. எல்லைக்கு உள்ளே அளவு எப்படி வேண்டுமானாலும் மாறலாம். எல்லையைத் தாண்டினால் பெயரே மாறிவிடும்.

## உள்ளே இருக்கும் மூவர்

கிரானைட்டில் முக்கியமான கனிமங்கள் மூன்று: குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைகா. மூன்றையும் நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். பெயர்தான் தெரியாமல் இருந்திருக்கும்.

காட்டு வரப்பில் வெள்ளை வெளேரென்று கிடக்குமே வெங்கச்சங்கல், அதுதான் குவார்ட்ஸ். சின்ன வயதில் இருட்டறைக்குள் போய் இரண்டு வெங்கச்சங்கல்லை உரசினால் கல்லுக்குள் ஒரு மங்கலான வெளிச்சம் ஓடும், கருகல் வாசமும் வரும். அதற்காகவே டிரவுசர் பையில் இரண்டு கல் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறோம். சிலிக்கன், ஆக்சிஜன் என்ற இரண்டே தனிமங்கள் சேர்ந்தது குவார்ட்ஸ். இந்தச் சேர்மத்துக்கு சிலிக்கா என்று பெயர். இந்தச் சொல் பின்னால் திரும்பத் திரும்ப வரும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிரானைட்டுக்குள் குவார்ட்ஸ் வெள்ளையாகத் தெரியாது. ஈரமான கண்ணாடித் துண்டு மாதிரி சாம்பல் நிறத்தில் தெரியும். அதற்கென்று நிறம் கிடையாது. அதன் வழியாகப் பின்னால் இருக்கும் இருட்டைத்தான் நாம் பார்க்கிறோம். உடைந்தால் சோடா பாட்டில் உடைவது போல வளைவு வளைவாகச் சில்லுப் பெயரும்.

இரண்டாவது ஃபெல்ஸ்பார். கல்லின் உடம்பே இதுதான். வெள்ளை, சந்தன நிறம், ரோஸ் என்று நாம் பார்க்கும் வெளிர் நிறங்களில் பெரும்பகுதி ஃபெல்ஸ்பாருடையது. உடைந்த கிரானைட் துண்டு ஒன்றை வெயிலில் மெதுவாகத் திருப்பினால் சில துண்டுகள் ஒரே ஒரு கோணத்தில் மட்டும் தூரத்து வீட்டு ஜன்னல் போலப் பளிச்சென்று அடிக்கும். ஃபெல்ஸ்பார் தட்டையான தளங்களில் உடையும் குணமுள்ளது, அந்தத் தளத்தில் பட்ட வெயில்தான் அது. குவார்ட்ஸில் இந்தப் பளிச் கிடையாது. கண்ணால் இரண்டையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த சுலபமான வழி இதுவே.

ஃபெல்ஸ்பாரில் இரண்டு வகை. பொட்டாசியம் உள்ள வகை பெரும்பாலும் ரோஸ் அல்லது சந்தன நிறம். சோடியமும் கால்சியமும் உள்ள வகை பெரும்பாலும் வெள்ளை. அதற்கு பிளாஜியோகிளேஸ் என்று பெயர். தோட்டத்துக்குப் பொட்டாஷ் போடுகிறோமே, அதே பொட்டாசியம்தான் முதல் வகைக்குள் பூட்டிக் கிடக்கிறது. நாமக்கல், கரூர்ப் பக்கம் ஃபெல்ஸ்பாரைத் தனியாக வெட்டி எடுக்கிறார்கள். பீங்கானுக்கும் டைல்ஸுக்கும் அது வேண்டும்.

மூன்றாவது மைகா. ஆற்று மணலில் தங்கத்துகள் போல மினுங்கிப் பிள்ளைகளை ஏமாற்றும் காக்காப்பொன் இதுதான். ஊசி முனையால் கிளறினால் புத்தகத்தின் தாள் போல ஏடு ஏடாகப் பெயரும். கருப்பு மைகாவுக்கு பயோடைட் என்றும் வெள்ளி நிற மைகாவுக்கு மஸ்கோவைட் என்றும் பெயர். அக்கா வீட்டுக் கல்லில் இருந்த கருப்புப் புள்ளிகள் பயோடைட். சில கிரானைட்களில் இதனோடு ஹார்ன்பிளெண்ட் என்ற இன்னொரு கருப்புக் கனிமமும் இருக்கும். அது குச்சி குச்சியாக இருக்கும், ஏடாகப் பெயராது.

மூன்றின் கடினமும் ஒன்றல்ல. 1812-இல் ஃபிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் எது எதைக் கீறும் என்று பார்த்து, கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். அந்த அளவில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ஸ்பார் 6, மைகா மூன்றுக்குக் கொஞ்சம் கீழே. சாதாரணக் கத்தி ஐந்தரை அளவில் நிற்கும். ஆகவே கத்தி மைகாவைக் கீறும், மற்ற இரண்டின் மேலும் வழுக்கிக்கொண்டு போகும். சமையல் மேடையில் நேராகவே காய் நறுக்கினால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, கத்திதான் மழுங்கும்.

இதுவரை பார்த்தது: கிரானைட் ஒரு சேர்க்கை. கண்ணாடி போலச் சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ ரோஸாகவோ இருந்து தட்டையாகப் பளிச்சிடுவது ஃபெல்ஸ்பார். கருப்பாக ஏடு பெயர்வது மைகா. பொதுவாகப் பாதிக்கு மேல் ஃபெல்ஸ்பார், கால் பங்கை ஒட்டிக் குவார்ட்ஸ், மிச்சம் கொஞ்சம்தான் கருப்பு.

## குவார்ட்ஸ் கடைமடையில் இருக்கிறது

இந்த அளவுகள் எப்படி முடிவாகின்றன? கட்டுரையின் உயிர்நாடி இந்தக் கேள்விதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பவானிசாகரில் இருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. தண்ணீர் திறந்தால் தலைமடைக்காரர்கள் முதலில் பாய்ச்சுவார்கள். அவர்கள் தேவை தீர்ந்து மிச்சம் இருந்தால்தான் கடைமடைக்கு வரும். கடைமடையில் வரப்பு முட்டத் தண்ணீர் நிற்கிறது என்றால், மேலே எல்லோருக்கும் போக மிஞ்சியது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்.

பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாக இருக்கும். அதற்கு மாக்மா என்று பெயர். கிரானைட் உண்டாகும் மாக்மாவின் வெப்பம் 700 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அதில் சிலிக்காதான் தண்ணீர். எடையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதுவே இருக்கிறது. பொட்டாசியம், சோடியம், கால்சியம், அலுமினியம் ஆகியவை தலைமடைக்காரர்கள். குழம்பு ஆறும்போது இவை ஆளுக்குக் கொஞ்சம் சிலிக்காவை இழுத்துக்கொண்டு ஃபெல்ஸ்பாராக இறுகுகின்றன. இரும்பும் மெக்னீசியமும் தங்கள் பங்குக்கு எடுத்துக்கொண்டு மைகாவாகவோ ஹார்ன்பிளெண்டாகவோ ஆகின்றன. எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகும் சிலிக்கா மிஞ்சினால், சேர்ந்துகொள்ள ஆள் இல்லாமல் அது தனியாகவே இறுகும். அந்த மிச்சம்தான் குவார்ட்ஸ்.

இதைப் புரிந்துகொண்டால் இன்னொரு விஷயமும் விளங்கிவிடும். பெரும்பாலான கிரானைட்களில் குவார்ட்ஸ் கடைசியாக வந்ததால் தனக்கென்று ஒரு வடிவம் எடுக்க அதற்கு இடமே இல்லை. மற்றவை விட்ட சந்து பொந்துகளில் நுழைந்து நிரப்பிக்கொண்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஃபெல்ஸ்பார் ஓரளவு கட்டமாக இருக்கும். குவார்ட்ஸ் இன்ன வடிவம் என்று சொல்ல முடியாமல் நெளிந்து கிடக்கும்.

சரி, சிலிக்கா மிஞ்சவில்லை என்றால்? குவார்ட்ஸ் இல்லாமல் அல்லது பெயருக்குக் கொஞ்சமாக இருக்கும் பாறை கிடைக்கும். அதற்கு சயனைட் (syenite) என்று பெயர், விஷமான சயனைடு வேறு. தலைமடைக்கே பற்றவில்லை என்றால்? ஃபெல்ஸ்பார் ஆக வேண்டியதில் ஒரு பங்கு, சிலிக்கா போதாமல், நெஃபலின் என்ற வேறொரு கனிமமாக இறுகிவிடும். இந்த வகைப் பாறையைப் பார்க்க நாம் எங்கேயும் போக வேண்டியதில்லை. காங்கேயத்துக்குப் பக்கத்தில் முருகன் கோயில் இருக்கும் சிவன்மலை வட்டாரம் நெஃபலின் சயனைட்டுக்கு நிலவியலாளர்களிடையே பேர்போனது. தூரத்தில் இருந்து பார்த்தால் வெளிர் நிறக் கிரானைட் மாதிரியே இருக்கும். ஆனால் நெஃபலின் இருக்கும் கல்லில் குவார்ட்ஸைத் தேடுவது வீண்வேலை. தலைமடையே காய்ந்து கிடக்கும்போது கடைமடைக்கு எப்படித் தண்ணீர் போகும்?

முன்பு சொன்ன எல்லை இங்கேதான் வருகிறது. கல்லில் இருக்கும் குவார்ட்ஸையும் ஃபெல்ஸ்பாரையும் மட்டும் சேர்த்து நூறு பங்கு என்று வைத்தால், அதில் குவார்ட்ஸ் குறைந்தது 20 பங்காவது இருக்க வேண்டும். 60-ஐத் தாண்டக் கூடாது. பொட்டாசியம் பக்கத்து ஃபெல்ஸ்பாரும் போதிய அளவு இருக்க வேண்டும். அப்போதுதான் உலக அளவில் நிலவியலாளர்கள் அதைக் கிரானைட் என்று எழுதுவார்கள். நிறம் இந்தக் கணக்கில் வரவே வராது.

சுருக்கமாகச் சொன்னால், சிலிக்கா தாராளமாக இருந்து மிஞ்சினால் குவார்ட்ஸ் உண்டு, கிரானைட் ஆகலாம். மிஞ்சாவிட்டால் கிரானைட் இல்லை.

## கற்கண்டும் நாட்டுச் சர்க்கரையும்

கிரானைட்டின் கனிமத் துண்டுகள் வெறுங்கண்ணுக்கே தெரிகின்றன. ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கின்றன?

கவுந்தப்பாடிப் பக்கம் ஆலையில் கரும்புப் பாகு காய்ச்சுவதைப் பார்த்திருக்கலாம். பாகை மர அச்சில் ஊற்றி மண்வெட்டி போன்ற கட்டையால் இழுத்து இழுத்துத் தேய்ப்பார்கள். சட்டென்று ஆறிப் பொடியாக உதிரும், அது நாட்டுச் சர்க்கரை. அதே இனிப்புப் பாகைப் பானையில் ஊற்றி, நூல் கட்டி, வாரக்கணக்கில் யாரும் தொடாமல் வைத்தால் கட்டி கட்டியாகக் கற்கண்டு பிடிக்கும். சரக்கு ஒன்றுதான், கிடைத்த அவகாசம் வேறு.

கிரானைட் கற்கண்டு வகை. ஆழத்தில், மேலே கிலோமீட்டர் கணக்கில் பாறை போர்த்திக்கொண்டிருக்க, பல்லாயிரம் ஆண்டுகளில் இருந்து இலட்சக்கணக்கான ஆண்டுகள் வரை எடுத்து ஆறுகிறது. அவ்வளவு அவகாசத்தில் ஒவ்வொரு கனிமமும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிடும். அதே குழம்பு எரிமலை வழியாக வெளியே கொட்டியிருந்தால் சீக்கிரம் ஆறி, கனிமங்கள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகவே நின்றிருக்கும். கிரானைட்டை எரிமலைக் கல் என்று சொல்வது அதனால் தவறு. எரிமலைக்கு வராமல் அடியிலேயே நின்றுவிட்ட குழம்பு அது. நமக்கு எப்படிக் கிடைக்கிறது என்றால், மேலே போர்த்தியிருந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் கரைந்துபோய், அடியில் இருந்தது வெளியே வந்துவிட்டது. சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் உண்மையான கிரானைட்டை இப்படித்தான் காண்கிறோம்.

## பெரியப்பாவின் கருப்புக் கல்

இப்போது கருப்புக் கிரானைட்டுக்கு வருவோம். கடைகளில் அந்தப் பெயரில் வருவதில் பெரும்பகுதி டோலரைட், கேப்ரோ போன்ற பாறைகள். பூமியில் நீளமாக வெடிப்பு விட்டு, அதற்குள் அடியில் இருந்து கருங்குழம்பு ஏறி இறுகிச் சுவர் போல நின்றால், அந்தச் சுவரில் பெரும்பாலும் டோலரைட் இருக்கும். அதில் சிலிக்கா பாதியளவுதான். இரும்பும் மெக்னீசியமும் அதிகம். அதனால் பிளாஜியோகிளேஸும் பைராக்சீன் என்ற கருங்கனிமமும்தான் அதில் பிரதானம். குவார்ட்ஸ் இல்லை, இருந்தாலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

எடையிலும் வித்தியாசம் தெரியும். ஒரு கன அடி கிரானைட் சுமார் 75 கிலோ. அதே கன அடி டோலரைட் 85 கிலோவை ஒட்டி வரும். கல் இறக்குகிற ஆட்கள் அளவை எடுக்காமலே, தூக்கும்போதே, கருப்புக் கல்லுக்கு ஓர் ஆள் கூடக் கேட்பது சும்மா இல்லை.

அப்படியானால் கடைக்காரர் ஏமாற்றுகிறாரா? இல்லை. கல் வியாபாரத்தில் மெருகேறும், அமிலத்துக்கு அசையாத, கடினமான எல்லாக் கல்லுக்கும் கிரானைட் என்றே பெயர். அது வியாபாரத்தின் சொல், நிலவியலின் சொல் வேறு. வியாபாரப் பெயர்களை அப்படியே நம்பினால் இன்னும் குழப்பம் வரும். காஷ்மீர் ஒயிட் என்று விற்கும் கல் காஷ்மீரத்தில் இருந்து வருவதில்லை, நம் தமிழ்நாட்டுக் கல்தான் அது. பெரியப்பாவின் கல் உழைப்பில் எந்த விதத்திலும் குறைந்ததல்ல. அக்காவின் கல்லைப் போலி என்று சொன்னதில்தான் எனக்கு மறுப்பு.

பொடியைக் கரைத்து ஊற்றும் கதைக்கு மூலம் இது: குவார்ட்ஸ் மேடை என்று கடைகளில் ஒன்று விற்கிறது. குவார்ட்ஸை நுணுக்கி, பிசினோடு கலந்து, அழுத்தித் தயாரிக்கும் பலகை. அது தொழிற்சாலைச் சரக்கு. அடுப்பில் இருந்து இறக்கிய வாணலியை அதன்மேல் வைத்தால் பிசின் கருகிக் கறை விழும். கிரானைட் எப்போதோ 700 டிகிரியைப் பார்த்துவிட்டு வந்தது, வாணலியைக் கண்டு கலங்காது.

கருப்பாகத் தெரியும் எல்லாமே குவார்ட்ஸ் இல்லாதது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. கொங்கு நாட்டைச் சுற்றி நிற்கும் நீலகிரி, அதோடு சேலத்துப் பக்கம் பல குன்றுகள், சார்னோக்கைட் என்ற பாறையால் ஆனவை. புதிதாக உடைத்தால் பச்சை ஓடிய கருநிறத்தில், எண்ணெய் தடவினாற்போல இருக்கும். இந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலக் கம்பெனி அதிகாரியின் கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்து, 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் சார்னாக் பெயரையே அந்தப் பாறைக்கு வைத்தார். கல் என்னவோ நம் சென்னைக்குப் பக்கத்தில், பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் இருக்கும் கல். அதில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் கிரானைட்டில் இருப்பது போலவே இருக்கின்றன. மைகா இருக்க வேண்டிய இடத்தில் பைராக்சீன் இருக்கிறது, அவ்வளவுதான். சேலம் வட்டாரத்துச் சார்னோக்கைட்டுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு.

ஆக, நிறத்தை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. கருப்பில் குவார்ட்ஸ் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. வெள்ளையிலும் அப்படியே. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இருக்கும் அனார்த்தோசைட் வெள்ளைக் கல்தான். ஆனால் அதில் ஏறக்குறைய முழுக்கப் பிளாஜியோகிளேஸ். நிலாவின் மேட்டு நிலங்களில் இருக்கும் பாறையும் அதே வகை. அதனால்தான் சந்திரயான்-2 லேண்டரையும் ரோவரையும் சோதிக்க இஸ்ரோ அந்த ஊர்க் கல்லை எடுத்துப்போய் நுணுக்கிச் செயற்கை நிலா மண் தயாரித்தது. அதைப் படித்த அன்று எனக்கு இருந்த பூரிப்பைச் சொல்லி மாளாது.

## கிணற்றுச் சுவரில் தெரியும் பாறை

நம் சமவெளியில் காலுக்கு அடியில் பரவிக் கிடக்கும் கருங்கல்லில் பெரும்பகுதி சார்னோக்கைட்டும் அல்ல, கிரானைட்டும் அல்ல. அதற்கு நைஸ் என்று பெயர். பழைய பாறைகள் மறுபடி ஆழத்துக்குப் போய், முழுக்க உருகாமல், வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிசையப்பட்டால் உள்ளே இருக்கும் கனிமங்கள் வெள்ளைப் பட்டை, கருப்புப் பட்டை என்று பிரிந்து அணிவகுக்கும். கனிமங்கள் பெரும்பாலும் அதே குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைகா, ஹார்ன்பிளெண்ட்தான். கிரானைட்டில் புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடப்பவை நைஸில் கோடு கோடாக நிற்கும். புள்ளியா கோடா என்று பார்த்தாலே பாதி அடையாளம் கிடைத்துவிடும்.

காங்கேயம் பக்கத்தில் அப்பிச்சி தோட்டத்துக் கிணறு எழுபது அடி. பாறையிலேயே படி வெட்டியிருக்கும். சித்திரை மாதம் தண்ணீர் அடியில் போயிருக்கும்போது அந்தப் படியில் இறங்குவேன். மேலே முழங்கால் ஆழத்துக்குச் செம்மண். அதற்குக் கீழே உருண்டை உருண்டையாகச் சுக்காங்கல். அதற்குக் கீழே பார்க்கப் பாறை போலவும் தொட்டால் உதிர்வதாகவும் ஒரு பகுதி. அடியில் கிண்ணென்று ஒலிக்கும் நைஸ், வெள்ளையும் கருப்புமாகப் பட்டை போட்டபடி, மறுபக்கச் சுவர் வரை அதே கோடு ஓடும்.

அந்த உதிரும் பகுதியில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். ஃபெல்ஸ்பார் தன் பளபளப்பை இழந்து சுண்ணாம்பு மாதிரி மாவாகிவிட்டது. எச்சில் தொட்டு உருட்டினால் களிமண்ணாகத் திரண்டது. கருப்பு மைகா பழுப்பேறிப் பொன்னிறத் தகடாக நகத்தில் ஒட்டிக்கொண்டது. குவார்ட்ஸ் மட்டும் அப்படியே, நறநறவென்று. மழைத் தண்ணீரில் காற்றின் கரியமில வாயு கரைந்து மெல்லிய அமிலமாக இறங்குகிறது. காலம் காலமாக அது ஃபெல்ஸ்பாரைத் தின்று களிமண்ணாக்கிவிடும். குவார்ட்ஸிடம் அதன் பாச்சா பலிக்காது. மைகாவில் இருந்தும் ஹார்ன்பிளெண்டில் இருந்தும் வெளியான இரும்பு துருப்பிடித்துத்தான் நம் கொறங்காட்டு மண் சிவந்திருக்கிறது. கரைந்த கால்சியம் மறுபடி படிந்ததே சுக்காங்கல். நொய்யலிலும் அமராவதியிலும் வந்து சேர்ந்த மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸாக இருப்பதற்கும் இதுவே காரணம். மற்றவை வழியிலேயே மண்ணாகிவிட்டன.

போர் போடுகிறவர்களுக்கும் இது தெரியும், வேறு வார்த்தையில் தெரியும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. ரிக் ஓட்டுகிறவர் வெளியே வரும் பொடியைக் கையில் ஏந்தி, நிறத்தைப் பார்த்து, இரண்டு விரலால் தேய்த்து, பாறை மாறிவிட்டது என்பார். குவார்ட்ஸ் அதிகமான இடத்தில் பிட் சீக்கிரம் தேயும். ஆயிரம் அடி இறக்கியும் தண்ணீர் வராமல் போவதற்கு இங்கே இருக்கும் ஒரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இறுகப் பின்னிய இந்தக் கனிமங்களுக்கு இடையே தண்ணீர் தங்க இடம் கிடையாது. பாறையில் வெடிப்பு இருந்தால் அந்த வெடிப்பில்தான் தண்ணீர். கல் எதுவாக இருந்தாலும் வெடிப்பு கிடைக்காவிட்டால் புழுதிதான் வரும்.

## கடையில் நிற்கும்போது

கல் வாங்கப் போகிறவர்கள் ஒரு சொம்புத் தண்ணீரும் பாதி எலுமிச்சம்பழமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் நிறங்கள் தெளிவாகும். சாம்பல் கண்ணாடித் துண்டுகளைத் தேடுங்கள். எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தால் மார்பிளில் மெருகு போய்த் தடம் விழும், ஏனென்றால் அது அமிலத்தில் கரையும் கால்சைட் என்ற கனிமம். குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் எலுமிச்சைக்கு அசையாது. வெளிர் நிறக் கல் எண்ணெயையும் மஞ்சளையும் கொஞ்சம் உறிஞ்சும், கனிமங்களுக்கு இடையே மயிரிழைச் சந்துகள் உண்டு. அதற்குப் பூச்சு கிடைக்கிறது, போட்டுக்கொள்ளலாம்.

கதிர்வீச்சு பற்றியும் கேட்கிறார்கள். பொட்டாசியத்தில் மிகச் சிறிய பங்கு இயற்கையாகவே கதிர்வீச்சு உள்ளது. கிரானைட்டில் யுரேனியமும் தோரியமும் துளித்துளியாக உண்டு. சமையல் மேடைக் கல்லில் இருந்து வருவது பயப்படும் அளவில் இல்லை. நாம் தின்னும் வாழைப்பழத்திலும் அதே பொட்டாசியம்தான் இருக்கிறது.

நிஜமாகப் பயப்பட வேண்டியது வேறு. அக்கா வீட்டில் சிங்க் வைக்கத் துளை போட ஒரு பையன் வந்தான், இருபது வயது இருக்கும். மூக்கில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, கிரைண்டரை எடுத்துக் காய்ந்த கல்லில் வைத்தான். இரண்டு நிமிடத்தில் வேப்பமரமே தெரியவில்லை, அவ்வளவு புழுதி. கிரானைட்டில் கால் பங்கு குவார்ட்ஸ் என்றோமே, அந்தப் புழுதியிலும் கால் பங்கு குவார்ட்ஸ். கண்ணுக்குத் தெரியாத அதன் தூசு நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியே வராது. அங்கே தழும்பு பிடித்து, வருஷக்கணக்கில் மூச்சை இறுக்கும் நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். அந்தத் தழும்பை ஆற்ற மருந்து இல்லை. துணி அந்தத் தூசைத் தடுக்காது.

ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். "எப்பவும் இப்படித்தானுங்ணா அறுக்கறது" என்றான். மச்சான் அவனுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, சிங்க்கின் அளவைக் காகிதத்தில் வரைந்தார். பலகையை மறுபடி வண்டியில் ஏற்றி, அது வந்த கல் பட்டறைக்கே கொண்டுபோனோம், பையனும் கூட வந்தான். அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்கும் பெரிய மெஷின் இருக்கிறது. கூடுதல் கூலி பெரிய தொகை ஒன்றும் இல்லை. ரம்பம் இறங்க இறங்க, புழுதிக்குப் பதிலாகச் சாம்பல் நிறச் சேறு கல்லின் ஓரமாக வழிந்தது. விரலில் கொஞ்சம் தொட்டு வெயிலில் காயவைத்துக் காட்டினேன். காய்ந்த சேற்றில் ஊசிமுனை அளவுக்குக் காக்காப்பொன் மினுங்கியது. பையன் என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தன வருசமா அறுக்கறனுங், இத இப்பத்தான் பாக்கறேன்" என்றான்.